வெடிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்க வேண்டும்

வெடிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்க வேண்டும். வேட்டை அனுமதிக்காக நான் போன வகுப்பில் முதலில் சொல்லித்தந்த விஷயங்களில் இதுவும் ஒன்று. சுடுகிறவனின் கண்ணில் படுகிற மாதிரி நிற்க வேண்டும், கையை உயர்த்த வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். புல்லுக்குள் குனிந்து கிடப்பவனைத்தான் முயல் என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள். வகுப்பிலிருந்த பலெர்மோக்காரப் பொடியன்கள் கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதில் விளங்காமல் இருக்க என்ன இருக்கிறது? நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஐம்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்தான் ஒருவன் துவக்கு லைசென்ஸ் எடுக்கப் போகிறான் என்றால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? கோயிலில் கண்டவர்கள் எல்லாம் பகிடி விட்டார்கள். "என்ன அண்ணை, திரும்பவும் தொடங்கப் போறியளோ?" என்று ஒருவன் கேட்டான். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் இருந்தவர்கூட என் பிரஜாவுரிமைப் பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, இது உனக்கு எதற்கு என்று கேட்டார். முயலுக்கு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, ஏனென்றால் அது முயலுக்காகவும் இல்லை. என் மனைவியின் நெஞ்சுக்காக.

நாங்கள் இருப்பது இத்தாலியில், பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், வெயில் எட்டிப் பார்க்காத வீட்டில். சுவர் வருடம் முழுக்க ஈரம். எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாலும் பூஞ்சணம் திரும்ப வந்துவிடும். மனைவிக்கு இழுப்பு. இரவில் எழுந்து உட்கார்ந்து, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பம்பை வாயில் வைத்து மூச்சுக்கு அலைவாள். பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக் கொடுப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு வீடு தேடினோம். எங்கள் கைக்கு எட்டிய வீடுகளின் சுவர்களும் இதே ஈரம்தான்.

அவள் வியா மக்வேதா என்ற பெரிய வீதிக்குப் பக்கத்தில் ஒரு வயதான சின்யோரா வீட்டில் வேலை செய்கிறாள். அந்தச் சின்யோராவுக்கு பிரான்காச்சோவுக்கு அப்பால், மலை அடிவாரத்தில், மந்தரீனோத் தோட்டம் ஒன்று இருந்தது. மந்தரீனோ என்றால் சின்னத் தோடம்பழம், இந்தப் பக்கத்து மண்ணில்தான் அது ஊறி இனிக்கும். கணவர் செத்த பிறகு கவனிக்க ஆள் இல்லாமல் பாதி மரம் பட்டுப்போய்விட, சின்யோரா புதுக் கன்றுகளை நட்டிருந்தார். நட்ட கன்றின் பட்டையை முயல்கள் சுற்றிவரக் கடித்து உரித்தன. பட்டை போனால் கன்றும் போய்விடும். கன்றுகளைச் சுற்றிக் கம்பி வேலி அடித்துப் பார்த்தார்கள், முயல்கள் அதற்குக் கீழால் தோண்டிக்கொண்டு வந்தன. முயலைக் குறைத்துத் தந்தால் தோட்டத்தில் உள்ள சின்ன வீட்டை நாங்கள் பாவிக்கலாம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் எங்களுக்கு வேண்டியதை நடலாம் என்றார் சின்யோரா.

முதல் சனிக்கிழமை அந்த வீட்டில் படுத்தபோது என் மனைவி விடியும் வரை எழும்பவில்லை. பம்ப் தலைமாட்டில் தொடாமல் கிடந்தது. செத்துக்கித்துப் போய்விட்டாளோ என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு அவ்வளவு அமைதியாக வந்தது. இந்த இடத்தை விடக்கூடாது என்று அப்போதே முடிவெடுத்தேன். அதற்காகத் துவக்கு என்ன, பீரங்கி பழகச் சொன்னாலும் பழகியிருப்பேன்.

லைசென்ஸ் கைக்கு வரும்வரை, மாரியும் கோடையும், வெறுங்கையோடு அந்த நிலத்தைச் சுற்றினேன். நான் சமையல்காரனாக இருக்கிற உணவகத்தில் சனி மத்தியானத்துக்குப் பிறகும் ஞாயிறும் எனக்கு விடுமுறை. பிரான்காச்சோவில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே நடந்தால் தோட்டம் வரும். துவக்குப் பிடிக்கிறவன் மிருகத்தை அறிவதற்கு முன் மண்ணை அறிய வேண்டும் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. முயல் புழுக்கை போடுவது மேடான இடத்தில், எல்லாரும் பார்க்கட்டும் என்பது போல. புல்லில் அது போகும் தடம் ஒரு கை அகலம்தான், ஆனால் ஒருநாளும் மாறாது. கடற்காற்று ஏறும்போது அது மேற்குப் பக்கக் கல்மதிலோடு ஒட்டி வரும், மலைக்காற்று இறங்கும்போது நடு வாய்க்காலால் வரும். கறுப்பு வெள்ளைக் காக்கைகள் தக்காளியைக் கொத்த வருவது வெயில் சாய்ந்த பிறகு.

அதைவிட முக்கியமாக, சன்னம் போய் எங்கே விழும் என்று பார்த்தேன். கீழ்ப்பக்கம் வீடுகளும் பட்டறைகளும் இருந்ததால் அந்தப் பக்கம் துவக்கைத் திருப்பவே கூடாது. கிழக்கு மதிலுக்கு அப்பால் ஒரு கிழவர் பெருஞ்சீரகக் கீரை பிடுங்குவார். மலைப்பக்கம் மண்மேடு, அதற்குள் எவ்வளவு சுட்டாலும் மண்தான் வாங்கும். அந்த மேட்டுக்கு முன்னால் வருகிற முயலை மட்டும் சுடுவது என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். இப்படி ஒவ்வொரு மூலையையும் பாடமாக்கி வைத்திருந்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் என்று மனைவியிடம் பெருமை அடித்தேன். அவள் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு வெண்டிக்கு நீர் ஊற்றினாள்.

முதல் முயலைச் சுட்ட நாள் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். வெண்டிப் பாத்தியில் ஆள் இல்லை. வாளி சரிந்து கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சற்றுப் பொறுத்து, நடு வாய்க்காலுக்குள் இருந்து தலை தெரிந்தது. சாயா என்று இங்கே சொல்லும் பழைய கல் வாய்க்கால் அது. நீர் விடாத நாட்களில் காய்ந்த புல் மூடிக் கிடக்கும், ஆள் நீட்டி நிமிர்ந்து படுத்தால் வெளியே தெரியாது.

"என்னப்பா செய்யிறீர் அதுக்குள்ள?"

"படுத்திட்டன்," என்றாள், ஏதோ தும்மிவிட்டவள் போல.

நான் சிரித்தேன். அவள் சண்டையின் கடைசி நாள் வரை வன்னியில் இருந்தவள், எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைக் கலியாணம் கட்டி இங்கே வந்தவள். நானோ மீசை அரும்பும் வயதில் ஊரை விட்டு வெளிக்கிட்டவன். ஹெலியும் ஷெல்லும் எனக்கும் தெரியும், ஆனால் அது எப்போதோ. அவளுக்குப் பழகக் கொஞ்சம் நாள் எடுக்கும் என்று நினைத்தேன்.

அவள் பழகவில்லை. கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மேட்டுக்கு முன்னால் ஒரு முயலைச் சுட்டேன், தவறிவிட்டது. அது வாய்க்கால் பக்கமாக ஓடியது. இரண்டாவது குழலில் தோட்டா இருந்தது. வாய்க்கால் ஓரத்துப் புல் அசைந்தது. அதற்குள் சாம்பல் நிறமாக ஒன்று. காற்று மலையிலிருந்து வந்தது, அந்தக் காற்றுக்கு முயல் அங்கேதான் வர வேண்டும், எல்லாம் நான் படித்து வைத்தபடி. துவக்கைத் தோளில் வைத்து விசையில் விரலை வைத்துவிட்டேன். பிறகுதான் அந்தச் சாம்பல் நிறத்துக்கு ஒரு மடிப்பு இருப்பது தெரிந்தது. அது அவளுடைய கம்பளிச் சட்டையின் முழங்கை.

துவக்கை மடித்துத் தோட்டாவை எடுத்தேன். அதைச் சட்டைப்பைக்குள் போட்டேன். மண்ணில் குந்திவிட்டேன். அவள் புல்லைத் தட்டிக்கொண்டு எழும்பி வந்தாள்.

"பிடிபட்டுதோ?"

"இல்லை, ஓடியிட்டுது," என்றேன்.

மாரியும் கோடையுமாக அந்த நிலத்தைப் படித்தேன் என்று பீற்றிக்கொண்டேனே, அவள் அதை முதல் நாளே படித்து முடித்திருந்தாள். எந்த இடத்துக்குப் போனாலும் எங்கே படுக்கலாம் என்றுதான் அவளுடைய கண் முதலில் தேடும். கோயில் மண்டபம், சூப்பர் மார்க்கெட், மகளின் பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு இடம் உண்டு. இந்தத் தோட்டத்தில் அது நடு வாய்க்கால். முயல்களும் அதையே தெரிந்தெடுத்திருந்தன. ஒளிய வேண்டியவர்களுக்கு அந்த நிலத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. சுடுகிறவனாக நடந்த எனக்கு அது கடைசி வரை தெரியவில்லை.

பிறகு நான் செய்யாத முயற்சி இல்லை. வகுப்பில் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். "நீர் எழும்பி நிக்கோணும். நிண்டாத்தான் எனக்குத் தெரியும்." ஓம் என்றாள். அடுத்த வெடிக்கு வாய்க்காலுக்குள். மகள் இங்கே பிறந்தவள், அவள் தாய்க்கு ஒரு செம்மஞ்சள் மேற்சட்டை வாங்கிக் கொடுத்தாள், வீதி வேலைக்காரர் போடுவது போன்றது. அதைப் போட்டுக்கொண்டு படுத்தாள், வாய்க்காலுக்குள் செம்மஞ்சள் என்ன, கறுப்பு என்ன. சுடுவதற்கு முன் போனில் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதனால் ஒரு மாற்றம் வந்தது: போன் அடித்தவுடனேயே படுத்தாள். வீட்டுக்குள் இருந்து கதவைச் சாத்திக்கொள்ளும் என்றேன். கட்டிலுக்குக் கீழே புகுந்து, அங்கே இருந்த தூசியில் இழுப்பு வந்து, தோட்டத்திலும் பம்ப் தேவைப்பட்டது. அவள் வராத நாளில் சுடலாமே என்றால் எனக்கு விடுமுறை அந்த இரண்டு நாட்கள்தான், அவளுக்கும் அவைதான். அவளை அந்தச் சந்து வீட்டில் மூச்சுக்கு அலைய விட்டுவிட்டு நான் யாருக்காகத் தோட்டத்துக்குப் போவது?

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்தினேன். "சின்னப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறன், விளங்கேல்லையோ? படுத்தாத்தான் சாவு. நிண்டா ஒண்டும் நடக்காது."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நான் வேணுமெண்டோ படுக்கிறன்? எனக்குத் தெரியிறதுக்கு முதல் உடம்பு படுத்திடுது. எழும்பி நிண்ட ஆக்கள் ஒருத்தரும் இப்ப இல்லையப்பா."

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, பஸ்தா," என்றாள். போதும் என்பதை அவள் எப்போதும் இத்தாலியனில்தான் சொல்வாள். "அம்மாவை விடுங்கோ."

விட்டேன். ஆனால் விட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த முழங்கையைப் பற்றி நான் இருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவள் தோட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவாள். எனக்குப் பயந்து அல்ல, என் தலையில் பழி விழக்கூடாது என்று. அதனால் மிச்ச நாட்களில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுக்கொண்டு போனேன். சுடுவதற்கு முன் அவள் நிற்பதைக் கண்ணால் கண்டுவிட்டு, ஒரு வெடி, அதோடு துவக்கை மடித்துவிடுவேன். பாதி தரம் முயல் போய்விடும். தை மாதம் சின்யோரா வந்து பார்த்தார். கடிபட்ட கன்றுகளின் அருகே நின்று, நீ நல்ல மனிதன், ஆனால் நல்ல வேட்டைக்காரன் இல்லை என்றார். அடுத்த வருடமும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். நான் சரி, சின்யோரா என்றேன். வேறு என்ன சொல்ல?

இந்த நாட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. ஆளுயர மதிலோ வேலியோ இல்லாத நிலம் என்றால், லைசென்ஸ் உள்ளவன் யாருடைய தோட்டத்துக்குள்ளும் வேட்டைக்காகக் கால் வைக்கலாம். மேல் தோட்டக்காரர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கூர்க் காதும் எலும்பும் தோலுமாக ஒரு சிவப்பு நாய் வைத்திருந்தார், முயலுக்கென்றே பிறந்த சாதி. வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தின கிழமை மதிலுக்கு அப்பால் நின்று, ஞாயிறு காலை நாயோடு வருவேன், உங்கள் கன்றுகளுக்கும் நல்லதுதானே என்றார். வாருங்கள் என்றேன். நானும் மனைவியும் தொட்டிப் பக்கம் இருப்போம், சத்தம் கேட்டதும் எழுந்து கை காட்டுவோம் என்று ஒரு ஆசிரியரைப் போலச் சொன்னேன். பிராவோ, அதுதான் முறை என்றார் அவர்.

அந்த ஞாயிறு துவக்கை வீட்டுக்குள் பூட்டி வைத்தேன். அன்று முழுக்க அவளுக்குப் பக்கத்திலேயே நிற்பது, வெடித்ததும் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தி வைப்பது, ஒருமுறை நின்று பார்த்துவிட்டால் உடம்புக்குப் பயம் தெளிந்துவிடும். இதுதான் என் திட்டம். இருவருமாக வெண்டிக்காய் பறித்தோம். அவள் செம்மஞ்சள் சட்டை போட்டிருந்தாள்.

"பயப்பிடாதையும். நான் பக்கத்தில நிக்கிறன்தானே," என்றேன்.

"ஓம்," என்றாள்.

நாய் மேலே எங்கேயோ குரைத்தது. வெடித்தது.

அதன்பிறகு எனக்குத் தெரிந்தது வாயில் மண். கன்னத்தில் வாய்க்கால் கல் அழுத்திக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் தலையைப் பொத்தியிருந்தன. மேலே மந்தரீனோ இலைகளில் சன்னம் பொலபொலவென்று விழுந்து ஓய்ந்தது. தூரத்திலிருந்து வரும் சன்னத்துக்குத் தோலைக் கீறவும் பலம் இருக்காது, அதுவும் எனக்கு வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். கண்ணைத் திறந்தேன். ஒரு முழம் தள்ளி, அதே வாய்க்காலுக்குள், மனைவியின் முகம். எனக்கு முதல் அவள் படுத்தாளா, அவளுக்கு முதல் நான் படுத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளைப் பிடிக்க வேண்டிய கை என் தலையில் இருந்தது.

"நீங்களுமோ?" என்று கேட்டாள். கேலி இல்லை. கவலையோடு கேட்டாள்.

இன்னொரு வெடி, இப்போது கிட்ட. நாய் ஓடி வரும் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் ஒரு முயல் வாய்க்காலுக்குள் குதித்து, எங்களைக் கண்டு திகைத்து, என் காலின் மேலால் ஏறிப் பாய்ந்தது. பஸ் சாரதியின் குரல் கேட்டது. எங்கே நிற்கிறீர்கள், எழும்புங்கள், எனக்குத் தெரியவில்லை என்று கத்தினார். அவருடைய துவக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முயல் வாய்க்காலுக்குள் போனால் நானும் அந்தப் பக்கம்தான் திருப்புவேன்.

"இஞ்சேருங்கோ, எழும்பி நில்லுங்கோ," என்றாள் அவள் மெதுவாக. "நிண்டாத்தானே அவருக்குத் தெரியும்."

"ஓம், எழும்புறன்," என்றேன். சொன்னேனே தவிர முழங்கால் அசையவில்லை. என்னுடைய கால்தான், என் சொல்லைக் கேட்கவில்லை. ஒரு வருடமாக அவள் என்னிடம் சொன்ன ஓம் எந்த ஓம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவள் படுத்தபடியே செம்மஞ்சள் சட்டையைக் கழற்றினாள். அதைக் கையில் சுற்றிக்கொண்டு வாய்க்காலுக்கு மேலே உயர்த்தினாள். தோளிலிருந்து விரல் வரை அந்தக் கை நடுங்கியது, சட்டை சரியப் பார்த்தது. நான் கையை நீட்டி அவளுடைய முழங்கையைப் பிடித்துத் தாங்கினேன். அன்றைக்கு நான் குறி வைத்த முழங்கை. இன்றைக்குக் கம்பளிச் சட்டை இல்லை, வெறும் தோல், வியர்வை, வெண்டிச் சுணை.

மேலே பஸ் சாரதி ஏதோ சொல்லிச் சிரித்தார், கண்டுவிட்டார் போல. நாய் வந்து வாய்க்கால் விளிம்பில் நின்று எங்களைப் பார்த்தது.

"எழும்பேல்லையோ?" என்று கேட்டாள்.

"நீர் முதல்ல எழும்பும்," என்றேன்.

அவளும் எழும்பவில்லை.